ஒட்டிவைத்த சுண்டெலிகள் 1973-லேயே சொல்லிவிட்டன: லெப்டின் கதையை மறுபடி பிரித்துப் பார்த்தால்

1994 டிசம்பர் 1 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உடம்பின் கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் எண்ணெய்க் கிடங்கு இல்லை, அதுவே ஒரு புரதத்தை (பின்னாளில் லெப்டின் என்று பெயர் பெற்றது) சுரந்து ரத்தத்தில் விடுகிறது, அந்தப் புரதம் கெட்டுப்போனால் சுண்டெலி நிறுத்தாமல் தின்று உருண்டையாகிவிடுகிறது என்பதுதான் சாரம். சில மாதங்களுக்குள் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் அதன் உரிமத்துக்காக நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலர் முன்பணம் கட்டியது. உடல் பருமனுக்கு ஊசி வந்தாச்சு என்று உலகம் பூராவும் பேசினார்கள். ஐந்து வருடம் கழித்து, 1999 அக்டோபரில், மனிதர்களிடம் செய்த பரிசோதனையின் முடிவு வந்தபோது பலூனில் ஊசி குத்தின மாதிரி ஆகிவிட்டது.

மருந்துகள் தோற்பது சகஜம், அதற்காக ஒரு பதிவு தேவையில்லை. என்னை உறுத்துவது வேறு. இந்தத் தோல்விக்கான காரணம் 1973-இல் அச்சான ஒரு சுண்டெலிக் கட்டுரைக்குள்ளேயே பாதிக்கு மேல் இருந்தது. அந்தக் கட்டுரையில் இரண்டு குண்டுச் சுண்டெலிகள் உண்டு. எல்லாரும் ஒரு சுண்டெலியின் பின்னால் ஓடினார்கள், இன்னொன்றை மறந்தார்கள். அந்த இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் முதலிலிருந்து பார்க்கலாம்.

அதற்கு முன்னால் தெரிந்திருந்தது

1940-இல் ஹெதரிங்டனும் ரேன்சனும் எலிகளின் மூளை அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள், எலிகள் ஊதிப்போயின. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த இந்திய உடலியலாளர் பால் கிருஷன் ஆனந்தும் ஜான் புரோபெக்கும் அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது எலிகள் சாப்பாட்டையே தொடவில்லை. ஆக, மூளையில் பசிக்கும் நிறைவுக்கும் ஏதோ கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? 1953-இல் கென்னடி என்பவர் கொழுப்பிலிருந்தே ஏதோ ஒரு செய்தி ரத்தம் வழியாக வரவேண்டும் என்று ஊகம் சொன்னார். அப்போது அது வெறும் ஊகம்தான்.

அதை முதலில் ஓரளவு நிரூபித்தவர் ஹெர்வி, 1959-இல். அவர் செய்த வேலை கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருக்கும். இரண்டு எலிகளை விலாப்பக்கம் தோலோடு தோலாக ஒட்டித் தைத்துவிடுவது. காயம் ஆறும்போது நடுவில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் முளைத்து, ஒன்றின் ரத்தம் மெதுவாக மற்றதற்குள் போக ஆரம்பிக்கும். பாராபயோசிஸ் என்று பெயர். செடிக்கு ஒட்டுப்போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒட்டிய ஜோடியில் ஒரு எலியின் ஹைப்போதலாமஸை மட்டும் ஹெர்வி சிதைத்தார். அது கண்மண் தெரியாமல் தின்று பெருத்தது, சரி, எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த, ஒரு குறையும் இல்லாத எலி சாப்பிடுவதைக் குறைத்து மெலிந்துகொண்டே போனது. பெருத்த எலியின் ரத்தத்திலிருந்து 'போதும் போதும்' என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. அனுப்பிய எலிக்கு அது கேட்கவில்லை, கேட்கும் இடம் மூளையில் சிதைந்துவிட்டது. பக்கத்து எலிக்கு மட்டும் கேட்டது.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

மெயின் மாநிலத்தில் இரண்டு குண்டுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. சுண்டெலி வளர்ப்பதுதான் அவர்களுக்குப் பிழைப்பே. 1947-இல் அந்தப் பக்கம் பரவிய காட்டுத்தீயில் ஆய்வகமும் பெரும்பாலான சுண்டெலிகளும் போய்விட்டன, மறுபடி ஒன்றிலிருந்து கட்டி எழுப்பினார்கள். 1949-இல் அந்தக் கூண்டுகளில் ஒரு வினோதமான குட்டி கண்ணில் பட்டது. வயிற்றில் குட்டியோடு இருக்கும் சுண்டெலி என்று நினைக்கும் அளவுக்குக் குண்டு. ஆனால் கர்ப்பம் இல்லை, இந்த வகைக்குக் குட்டி போடவே வராது. வளர்ந்தபோது சாதாரணச் சுண்டெலியைப் போல மூன்று மடங்கு எடை. ஒரே ஒரு மரபணுவில் வந்த சடுதிமாற்றம், தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். அந்த மரபணுவுக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள், 1950-இல் கட்டுரை வந்தது. (நாம் வேலையில் 'ஓபி' அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்தச் சுண்டெலியும் கூண்டுக்குள் அசையாமல் ஒரு மூலையில் கிடக்கும் ரகம்தான்.)

அப்புறம் 1965-இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டு. இதற்குச் சர்க்கரை வியாதி கடுமையாக இருந்ததால் மரபணுவுக்கு 'டிபி' என்று பெயர், டயாபடீஸ் என்பதன் சுருக்கம். ஓபியும் டிபியும் வேறு வேறு குரோமோசோம்களில் இருக்கும் வேறு வேறு மரபணுக்கள். ஆனால் பின்னாளில் இரண்டையும் ஒரே பரம்பரைச் சுண்டெலிகளில் கொண்டுவந்து பார்த்தபோது, எது ஓபி எது டிபி என்று பார்வையால் பிரிக்கமுடியவில்லை. அதே குண்டு, அதே பசி, அதே மலட்டுத்தன்மை. சர்க்கரை முதலில் ஒன்றுக்குக் கடுமையாகவும் மற்றதற்கு லேசாகவும் இருந்ததற்குக் காரணம் அந்த மரபணுக்கள் இல்லை, அவை பிறந்த பரம்பரைகளின் வித்தியாசம்தான்.

இங்கேதான் டக்ளஸ் கோல்மன் வருகிறார். கனடாக்காரர், உயிர்வேதியியலாளர், 1958-இல் ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்ற மாதிரி ஜாக்சனுக்கு வந்தவர், ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். டிபி சுண்டெலியின் சர்க்கரைக்கு ரத்தத்தில் ஏதாவது காரணம் இருக்குமா என்று பார்க்க அவரும் ஒட்டுப்போடும் முறையைக் கையிலெடுத்தார். முதலில் டிபியை ஒரு சாதாரணச் சுண்டெலியோடு ஒட்டினார். சாதாரணச் சுண்டெலிக்கும் சர்க்கரை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது நேர் எதிர். சாதாரணச் சுண்டெலியின் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போனது, வயிற்றில் சாப்பாடே இல்லை, சில வாரங்களில் பட்டினியாகவே செத்தது. முன்னால் தீனி குவிந்து கிடந்தபோதும் அது தொடவில்லை. டிபி பாட்டுக்குத் தின்று பெருத்துக்கொண்டிருந்தது. 1969-இல் இது வெளிவந்தது.

ஓபியையும் டிபியையும் ஒட்டுவதுதான் அடுத்த படி. அதற்கு இரண்டும் ஒரே பரம்பரையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் உடம்பு மற்றதை அந்நியம் என்று தள்ளிவிடும். அதனால் காத்திருந்து, கலந்து வளர்த்து, 1973-இல் முடிவுகளை வெளியிட்டார்.

முடிவு இதுதான். டிபியோடு ஒட்டிய ஓபி சாப்பிடுவதை நிறுத்தி மெலிந்து செத்தது, முந்தைய சாதாரணச் சுண்டெலி போலவே. டிபிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓபியைச் சாதாரணச் சுண்டெலியோடு ஒட்டியபோது இரண்டும் பிழைத்தன, ஓபி மட்டும் முன்னைவிடக் குறைவாகத் தின்றது, எடை ஏறும் வேகம் குறைந்தது.

இதைப் பொறுமையாக உட்கார்ந்து யோசித்தால் விடை ஒன்றுதான் வரும். நிறைவைச் சொல்லும் ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபிக்கு அதைச் செய்யத் தெரியாது, ஆனால் யாராவது கொடுத்தால் காது கேட்கும். டிபி அதை மிதமிஞ்சிச் செய்கிறது, ஆனால் அதற்குக் காது கேட்காது, அதாவது அந்தப் பொருளைப் பிடித்துச் செய்தியை வாங்கும் ஏற்பி கெட்டுப்போயிருக்கிறது. கோல்மன் இதையேதான் எழுதினார். ஒரு கருவியும் இல்லாமல், கத்தி, ஊசி, நூல், தீனித் தட்டு, தராசு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஹார்மோனும் அதன் ஏற்பியும் இருக்கின்றன என்று இரண்டையும் பார்க்காமலேயே சொல்லிவிட்டார். உயிரியலில் இவ்வளவு சுத்தமான தர்க்கம் அபூர்வம் என்பது என் எண்ணம்.

ஆனால் பலர் நம்பவில்லை. குண்டு என்றால் நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்ற எண்ணம் அப்போது விஞ்ஞானிகளிடமும் இருந்தது, அது பழக்கவழக்கப் பிரச்சினை, உடம்பின் பிரச்சினை இல்லை என்று. இதைக் கோல்மனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இப்போது டிபியைக் கவனியுங்கள். ஹார்மோன் ரத்தத்தில் வழிய வழிய இருந்தும் குண்டாகவே இருக்கமுடியும் என்பதற்கு உயிருள்ள சாட்சி அது. அதற்கு இன்னும் ஹார்மோனைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 1973-இல் இதற்குமேல் தெளிவாகச் சொல்லியிருக்கமுடியாது.

இருபது வருடத் தேடல்

ஹார்மோனைப் பிடிக்கத்தான் அவ்வளவு காலம் ஆனது. அது எந்தத் திசுவிலிருந்து வருகிறது என்பதே தெரியாது. கோல்மன் அப்போது தெரிந்திருந்த குடல் ஹார்மோன்களையெல்லாம் சோதித்துப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை.

நடுவில் ஒரு திசைமாறல். 1979-இல் ரோசலின் யாலோவும் யூஜின் ஸ்ட்ராஸும், கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோன் ஓபி சுண்டெலியின் மூளையில் குறைவாக இருக்கிறது, அதுவே விடுபட்ட பொருளாக இருக்கலாம் என்றார்கள். யாலோ ரத்தத்தில் ஹார்மோன் அளக்கும் முறைக்காக 1977-இல் நோபல் வாங்கியவர், அவர் சொன்னால் சும்மா ஒதுக்கிவிடமுடியாது. கோலிசிஸ்டோகைனின் கொடுத்தால் எலி சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் என்பது 1973-லேயே தெரிந்ததுதான், அதனால் கதை பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் வேறு குழு அளந்தபோது அந்த வித்தியாசமே தென்படவில்லை. கடைசியில் மரபணுவின் இருப்பிடம் தீர்ப்பு சொன்னது. கோலிசிஸ்டோகைனின் மரபணு சுண்டெலியின் 9-ஆம் குரோமோசோமில், ஓபி 6-ஆம் குரோமோசோமில். முடிந்தது கதை.

இந்த இருப்பிட வேலையில் இருந்தவர் ஜெப்ரி பிரீட்மன். மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர், 1986-இல் ராக்பெல்லரில் சொந்த ஆய்வகம் தொடங்கியதும், பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு மரபணுவையே நேராகத் தேடுவோம் என்று முடிவெடுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த குழந்தை மருத்துவர் ரூடால்ப் லைபெல் இந்த முயற்சியில் அவரோடு சேர்ந்தவர். சுண்டெலி மரபணுத்தொகுதி முழுசாக வாசிக்கப்படாத காலம். ஓபி சுண்டெலிகளை வேறு வகைகளோடு கலந்து, பிறந்த குட்டிகளில் குண்டுத்தனம் எந்தக் குரோமோசோம் துண்டோடு சேர்ந்தே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். 1,600-க்கும் மேற்பட்ட மரபுக் கலப்புகளை அலசி, வலையைச் சுருக்கிச் சுருக்கி, சுமார் 6,50,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டு வருடம்.

அந்தத் துண்டுக்குள் கிடைத்த மரபணுக்களில் ஒன்று கொழுப்புத் திசுவில் மட்டும் வேலை செய்தது. 1994 மே 8, ஞாயிறு விடியற்காலை, பிரீட்மன் தனியாக இருட்டறையில் படச்சுருளைக் கழுவிப் பார்க்கிறார். ஒரு வகை ஓபி சுண்டெலியின் கொழுப்பில் இந்த மரபணுவின் செய்தியே (புரதம் செய்வதற்கான ஆர்என்ஏ நகல்) இல்லை. இன்னொரு வகை, அதாவது 1949-இல் கிடைத்த அந்தப் பழைய வகையில், செய்தி சுமார் இருபது மடங்கு அதிகம். முதல் பார்வைக்கு முரண். ஆனால் அந்த இருபது மடங்குதான் எனக்கு மிகவும் பிடித்த துப்பு. அந்தச் செய்தியில் 105-ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறி 'நிறுத்து' என்று ஆகியிருந்தது, அதனால் புரதம் அரைகுறையாக வெட்டுப்பட்டுப் போகிறது. பதில் வராததால் கொழுப்புத் திசு இன்னும் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் வரும் வளையம் அறுந்தால் என்ன ஆகும் என்பது அப்படியே ஒரு படச்சுருளில் தெரிந்தது.

புரதம் 167 அமினோ அமில நீளம், முன்னால் உள்ள 21 வெட்டப்பட்டு 146 ஆக ரத்தத்துக்குள் போகிறது. மனிதப் புரதம் 84 சதவீதம் அதேதான். 1994 கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஆறு பேர், அதில் லைபெல் பெயர் இல்லை. இந்தக் கதையில் நெருடலான இடம் இது, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. லைபெல் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அவர் இந்தக் கதைக்குள் மறுபடியும் வருவார்.

1995 ஜூலையில் 'சயன்ஸ்' இதழில் ஒரே நேரத்தில் மூன்று கட்டுரைகள், மூன்று குழுக்கள். புரதத்தை ஓபி சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டார்கள், பசி அடங்கியது, இரண்டு வாரத்தில் எடையில் சுமார் 30 சதவீதம் கரைந்தது. கிரேக்க மொழியில் மெலிவு என்று பொருள்படும் 'லெப்டோஸ்' என்ற சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். ஊசி போட்டதும் போடாததுமாக இரண்டு சுண்டெலிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

அதே கட்டுரைகளில், டிபிக்கு லெப்டின் போட்டபோது ஒன்றுமே ஆகவில்லை என்றும் இருந்தது. அதுவும் அச்சில்தான் இருந்தது, படம்தான் இல்லை. 1995 டிசம்பரில் லெப்டினின் ஏற்பி பிடிபட்டது, 1996-இல் டிபி மரபணு அதே ஏற்பியின் மரபணு என்று உறுதியானது. கோல்மன் ஊசி நூலை வைத்துச் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மனிதர்கள் ஓபியா டிபியா

லெப்டின் ஊசி பருமனுக்கு மருந்தாகும் என்றால் பருமனான மனிதர்களுக்கு லெப்டின் குறைவாக இருக்கவேண்டும். 1996-இல் இதை நேராக அளந்தார்கள். சாதாரண எடை உள்ளவர்களின் ரத்தத்தில் சராசரியாக மில்லிலிட்டருக்கு 7.5 நானோகிராம். பருமனானவர்களுக்கு 31.3. நாலு மடங்கு அதிகம்.

இந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் கோல்மனின் பழைய கூண்டு ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும். ரத்தத்தில் ஹார்மோன் வழிகிறது, ஆள் குண்டாக இருக்கிறார், இது எந்தச் சுண்டெலி? இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், பருமனான பெரும்பாலானவர்களின் ஏற்பி மரபணு டிபி போல உடைந்தது இல்லை. அப்படி உடைந்தவர்கள் உண்டு, 1998-இல் ஒரே குடும்பத்தின் மூன்று சகோதரிகளிடம் கண்டுபிடித்தார்கள், ஆனால் அது மிக அபூர்வம். மற்றவர்களுக்கு ஏற்பி நல்லபடியாக இருக்கிறது, அளவுக்கு மீறி வரும் செய்தியை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். லெப்டின் எதிர்ப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் விளங்கிவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது, அதில் எனக்கு எரிச்சல் உண்டு.

சரி, உண்மையான ஓபி மனிதர்கள் இல்லவே இல்லையா? இருந்தார்கள். 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ரஹிலி, சதாப் பரூக்கி குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தான் பூர்வீகக் குடும்பம், இரண்டும் உறவுமுறைக் குழந்தைகள், பெற்றோர்களும் உறவுக்குள் மணந்தவர்கள். பெண்ணுக்கு 8 வயது, 86 கிலோ. பையனுக்கு 2 வயது, 29 கிலோ. அவ்வளவு கொழுப்பு இருந்தும் ரத்தத்தில் லெப்டின் இல்லை என்றே சொல்லிவிடலாம். லெப்டின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அந்தப் பெண் எடை தாங்காமல் காலில் அறுவைசிகிச்சை வரை போயிருந்தவள். 94.4 கிலோ எடையில் அவளுக்குத் தினசரி லெப்டின் ஊசி தொடங்கினார்கள், 12 மாதத்தில் 16.4 கிலோ குறைந்தது. அதன்பின் சிகிச்சை பெற்ற இன்னொரு சிறுவன் மூன்று வயதில் 42 கிலோ, ஏழு வயதில் 32 கிலோ. வயது ஏற ஏற எடை இறங்கியிருக்கிறது! தீனிக்காக அழுது அலைமோதிக்கொண்டிருந்த குழந்தைகள் ஊசி தொடங்கியதும் மற்றக் குழந்தைகள் மாதிரி தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்ற பழைய பேச்சுக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை.

1999-இல்தான் மற்ற முடிவும் வந்தது. சாதாரணமாகப் பருமனான 73 பேரும் மெலிந்த 54 பேரும் ஆம்ஜென்னின் லெப்டினைத் தினமும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். 24 வாரம் தாக்குப்பிடித்த பருமனானவர்களில், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 1.7 கிலோ குறைந்திருந்தது. குறைந்த அளவு லெப்டின் போட்டவர்களுக்கு அதைவிடவும் குறைவு. மிக உயர்ந்த அளவு, கிலோவுக்கு 0.30 மில்லிகிராம், போட்டவர்களுக்கு 7.1 கிலோ, ஆனால் கடைசிவரை நின்றவர்கள் எட்டே பேர், அவர்களுக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். ஊசி போட்ட இடமெல்லாம் தடித்துப்போன தொல்லை வேறு. ஒருத்தருக்கு நன்றாகக் குறைந்தது, ஒருத்தருக்கு ஏறவே செய்தது. இதை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகமுடியாது.

கேள்வியே தலைகீழாக இருந்தது

இங்கே நிறுத்தினால் 'பாவம், வேலைக்கு ஆகவில்லை' என்று முடிந்துவிடும். ஆனால் 1996-லேயே பாஸ்டனில் ஜெப்ரி பிளையர் குழு வேறு கோணத்தில் கைவைத்திருந்தது. சுண்டெலிகளை 48 மணி நேரம் பட்டினி போட்டால் லெப்டின் சடாரென விழுகிறது. கூடவே தைராய்டு ஹார்மோனும் இனப்பெருக்க ஹார்மோன்களும் குறைகின்றன, மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. பட்டினி போடும்போதே வெளியிலிருந்து லெப்டின் கொடுத்தால் இந்த மாற்றங்கள் பெருமளவு அடங்கிவிடுகின்றன. அதாவது பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது லெப்டினின் வீழ்ச்சிதான். ஓபி சுண்டெலி மலடாக, குளிர்ந்துபோய், மூலையில் அசையாமல் கிடந்தது ஏன் என்பது இப்போது விளங்குகிறது. அதன் மூளையைப் பொறுத்தவரை அது பட்டினியின் விளிம்பில் இருக்கும் பிராணி. உடம்பு பூராவும் கொழுப்பைச் சுமந்துகொண்டு பஞ்சத்தில் வாழ்ந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை. 1996-இல் இன்னொரு குழு லெப்டின் கொடுத்து மலட்டு ஓபி பெண் சுண்டெலிகளைக் குட்டி போடவும் வைத்தது.

எல்லாரும் லெப்டினை வண்டியின் பிரேக் என்று நினைத்தார்கள், அழுத்த அழுத்த வேகம் குறையும் என்று. உண்மையில் அது பெட்ரோல் முள் மாதிரி. முள் அடிக்கு வந்தால் ஓட்டுபவர் பதறுவார், பங்க் தேடுவார், வேகத்தைக் குறைப்பார். முக்கால் டேங்கிலிருந்து முழு டேங்குக்கு முள் ஏறினால் யாரும் எதையும் மாற்றிக்கொள்வதில்லை. லெப்டின் குறைந்தால் உடம்பு போர்க்கோலம் பூணும், கூடினால் தோளைக் குலுக்கும். பரிணாமக் காலம் முழுக்க உயிர்களைக் கொன்றது பசிதான் என்பதால் இந்த ஓரவஞ்சனை எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

இதற்கு மனிதச் சான்று கொடுத்தவர்களில் ஒருவர் அதே லைபெல். கொலம்பியாவில் மைக்கேல் ரோசன்பாமும் அவரும் எடையில் பத்து சதவீதம் குறைத்து அதே இடத்தில் தக்கவைத்தவர்களை ஆராய்ந்தார்கள். எடை குறைந்த அளவை மீறி உடம்பின் சக்திச் செலவு குறைந்துபோயிருந்தது, அதாவது உடம்பு சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது. 2005-இல் அவர்கள் காட்டியது, எடை குறைவதற்கு முன்பிருந்த அளவுக்கு லெப்டினைச் சின்ன அளவு ஊசியால் ஏற்றிவைத்தால் அந்தச் சிக்கனம் பெரும்பகுதி விலகுகிறது. ஆக லெப்டின் எடை குறைக்கும் மருந்து இல்லை, குறைந்தபின் ஒலிக்கும் அபாயமணியை அணைக்கும் பொருள். டயட் இருந்து இளைத்தவர்களுக்கு ஏன் எடை திரும்புகிறது என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கத்து வழக்குகள், சுருக்கமாக

1999 டிசம்பரில், லெப்டின் பரிசோதனை ஊற்றிக்கொண்ட இரண்டே மாதத்தில், ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து கிரெலினைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். 28 அமினோ அமிலம், மூன்றாவது இடத்தில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். அவர்கள் தேடியது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளை, கிடைத்தது பசியைத் தூண்டுவது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பசி ஹார்மோன் கிடைச்சாச்சு, அதை மறித்தால் போதும் என்று மறுபடி ஒரு கூட்டம் கிளம்பியது. 2003-இல் கிரெலினே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவை சாதாரணமாகத் தின்று சாதாரணமாக வளர்ந்தன.

ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் எதிர்த்திசைக் கதை. அதைத் தேடியவர்கள் பசியைத் தேடவே இல்லை. 1980-களில் குளூகோகான் (ரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்) மரபணுவுக்குள் ஒளிந்திருந்த துண்டாகக் கிடைத்தது, 1987-இல் ஸ்வெட்லானா மோஜ்சோவ், ஜோயல் ஹேபனர் ஒரு பக்கமும் டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்ட் இன்னொரு பக்கமும் அது இன்சுலினைத் தூண்டுவதைக் காட்டினார்கள். 1996-இல்தான் எலியின் மூளைக்குள் செலுத்தினால் தீனி குறைகிறது என்று தெரிந்தது. ரத்தத்தில் அதன் ஆயுள் இரண்டு நிமிடம் போல, அதனால் அப்படியே மருந்தாகாது. கீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் கண்டெடுத்த எக்சென்டின்-4 அதே ஏற்பியைத் தொட்டது, ஆனால் எளிதில் சிதையவில்லை. 2005-இல் அது சர்க்கரை மருந்தானது. பிறகு வந்த, அதே ஏற்பியைத் தொடும் செமாகுளூடைடு ஒரு வாரம் தங்கும், 1,961 பேர் கலந்துகொண்ட பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசியில் 2.4.

லெப்டின் தோற்ற இடத்தில் இது ஏன் ஜெயித்தது? என் கணிப்பில், லெப்டினில் ஏற்கெனவே உரக்கக் கத்திக்கொண்டிருந்த குரலை இன்னும் உரக்கக் கத்தவைத்தார்கள். இங்கே இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் குரலை, கேட்கக் காது தயாராக இருந்த இடத்தில், வாரம் பூராவும் ஒலிக்கவைத்தார்கள். ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பிவிட்டது. கொழுப்பு கரைந்தபின் லெப்டின் தாழ்ந்து கிடக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஊசி கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்

லிப்போடிஸ்ட்ரோபி என்று ஒரு அபூர்வ நோய். உடம்பில் கொழுப்புத் திசு உருவாவதே இல்லை அல்லது கரைந்துபோகிறது. கொழுப்பு இல்லை என்றால் லெப்டினும் இல்லை. தசை நரம்பெல்லாம் தெரியும் அளவுக்கு மெலிந்தவர்கள், ஆனால் அடங்காத பசி, கட்டுக்கடங்காத சர்க்கரை, போக இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து வீக்கம். கண்ணாடியில் பார்த்தால் ஓபிக்கு நேர் எதிர், ரத்தத்தில் பார்த்தால் அசல் ஓபி. 2002-இல் இப்படிப்பட்ட ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் கொடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 1.9 புள்ளி இறங்கியது, ரத்தக் கொழுப்பும் இறங்கியது, கல்லீரல் சுருங்கியது.

2010-இல் கோல்மனுக்கும் பிரீட்மனுக்கும் சேர்த்து மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள். ஆம்ஜென் கைவிட்ட லெப்டின் சில நிறுவனங்கள் கைமாறி, 2014 பிப்ரவரியில் மெட்ரெலெப்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பருமனுக்கு அதைப் போடக்கூடாது, கொழுப்பே இல்லாதவர்களுக்கு மட்டும். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், கோல்மன் காலமானார்.